ஓநாய் மனிதனை வேட்டையாடக் கிளம்புகிறவர்களுக்கு

கையில் கொஞ்சம் பணம், மனதில் ஒரு சரித்திரகாலத் திகில் கதை, அதில் ஊரே திரண்டு ஓர் ஓநாய் மனிதனை வேட்டையாடுகிறது. இப்படி ஒரு ஸ்கிரிப்டோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் முதலில் விரித்துக் காட்டுவது ஓநாயின் படத்தைத்தான். பல் எவ்வளவு நீளம், ரோமம் என்ன நிறம், கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எல்லாம் தயாராக இருக்கும். வேட்டைக்குப் போகிறவன் கையில் இருப்பது என்ன துப்பாக்கி, பொழுது சாய்ந்தால் அந்த ஊரில் யார் வீட்டில் விளக்கு எரியும் என்று கேட்டால் பதில் வராது.

கோடம்பாக்கத்தில் செட் போட்டே பிழைத்தவன் நான். பழைய காலத்தைப் பலகையிலும் சுண்ணாம்பிலும் கட்டிக் கட்டி எனக்கு ஒரு நம்பிக்கை ஊறியிருக்கிறது. இந்த வகைப் படத்தில் பயத்தை உண்டாக்குவது ஓநாயைவிட அந்தக் காலம்தான். துப்பாக்கி ஒரு தடவைதான் வெடிக்கும். வெளிச்சம் நாலு முழத்துக்கு மேல் எட்டாது. வைத்தியர் இருக்கும் ஊருக்கு ஒரு பகல் நடக்க வேண்டும். இவற்றுக்கு வாடகை கிடையாது, கால்ஷீட் கிடையாது. நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

1. ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள்.

'பல நூற்றாண்டுகளுக்கு முன்பு' என்று ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் ஆர்ட் டிபார்ட்மெண்ட் தொடங்கி டப்பிங் வரை எல்லோரும் தடுமாறுவார்கள். 1590 என்றால் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. திரி அணைந்தால் கதை முடிந்தது. 1760 என்றால் சிக்கிமுக்கிக் கல் பொறியில் சுடும் துப்பாக்கி. 1890 என்றால் தோட்டாவை அடுத்தடுத்து ஏற்றிச் சுடும் ரைஃபிள் வந்துவிட்டது, ரயில் வந்துவிட்டது, தந்தி கொடுத்தால் அடுத்த நாள் போலீஸ் வந்து இறங்கும். அங்கே பயத்தைக் காப்பாற்ற நீங்கள் ஆயிரம் சாக்கு தேட வேண்டியிருக்கும். முதல் படம் எடுப்பவர்களுக்கு நான் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சொல்வேன். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

2. ஜெவோதானைப் படியுங்கள்.

தெற்குப் பிரான்சில், இன்று லோசேர் என்று அழைக்கப்படும் மலைப்பகுதி. 1764 ஜூன் 30-ஆம் தேதி, லாங்கோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ழன் பூலே என்ற 14 வயதுப் பெண்ணை ஒரு மிருகம் கொன்றது. பதிவான சாவுகளில் அதுதான் முதலாவது. மூன்று வருடங்களில் ஏறத்தாழ நூறு பேர் செத்தார்கள், பெரும்பாலும் மாடு, ஆடு மேய்க்கப் போன பெண்களும் பிள்ளைகளும். ஓநாய் என்றார்கள், ஓநாயும் நாயும் கலந்தது என்றார்கள், மனிதன்தான் அப்படி உருமாறுகிறான் என்றும் பேசிக்கொண்டார்கள்.

இதில் உங்களுக்கு வேண்டியது வேட்டைக்கு வந்தவர்களின் வரிசை. முதலில் துயமெல் என்ற படைத்தலைவர் குதிரைப்படையோடு வந்தார். தன் வீரர்களுக்குப் பெண் வேடம் போட்டு மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தினார். ஆயிரக்கணக்கான குடியானவர்களை வளைப்பு வேட்டைக்கு இழுத்தார்கள். உழவு வேலை கெட்டது, படை தின்ற தீனியும் ஊரின் தலையில் விழுந்தது. அடுத்து நார்மண்டியிலிருந்து தென்வல் என்ற தகப்பனும் மகனும், ஓநாய் வேட்டையில் பேரெடுத்தவர்கள். அவர்களாலும் ஆகவில்லை. பிறகு மன்னர் பதினைந்தாம் லூயி தன் துப்பாக்கிக் காப்பாளர் பிரான்சுவா அந்துவானையே அனுப்பினார். 1765 செப்டம்பரில் அவர் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டார். அதைப் பாடம் செய்து வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள், பரிசு கொடுத்தார்கள், விஷயம் முடிந்தது என்று அறிவித்தார்கள். டிசம்பரில் சாவுகள் திரும்பத் தொடங்கின. அரண்மனைக்கு அதைக் கேட்க விருப்பமில்லை.

கடைசியில் 1767 ஜூன் 19-ஆம் தேதி ஒரு மிருகத்தைச் சுட்டு வீழ்த்தியவர் உள்ளூர்க்காரர், ழான் ஷஸ்தெல். அந்துவானின் காவலர்களைச் சதுப்பு நிலத்துக்குள் போகவிட்டு, அவர்கள் சிக்கித் தவித்ததைப் பார்த்துச் சிரித்ததற்காக மகன்களோடு சிறைக்குப் போனவர் அதே மனிதர்.

இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? அரண்மனை ஆளுக்கும் ஊராளுக்கும் இடையே இருக்கும் அந்தப் பகையை எழுத நாலு நடிகர்களும் ஒரு குடிசையும் போதும். இந்தச் சம்பவங்களைச் சுற்றி 2001-இல் கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கிய 'பிரதர்ஹுட் ஆஃப் தி உல்ஃப்' பெரும் செலவில் வந்தது. அவர்கள் சண்டைக்கும் மிருகத்துக்கும் செலவழித்தார்கள். அந்தச் சதுப்பு நிலத்துச் சிரிப்பை வைத்து ஒரு முழுப்படம் இன்னும் எடுக்கலாம்.

3. பகலில் கொல்லுங்கள்.

ஜெவோதான் தாக்குதல்களில் மிகப் பல பட்டப்பகலில், திறந்த மேய்ச்சல் வெளியில் நடந்தவை. இரவு ஷூட்டிங் என்றால் ஜெனரேட்டர், லைட்மேன்களுக்கு இரட்டை பேட்டா, தூக்கமில்லாத யூனிட். நண்பகல் வெயிலில் ஒரு சிறுமி ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள், புல் ஓரிடத்தில் மட்டும் அசைகிறது. இதற்கு ஒரு கேமராவும் ஒரு மலைச்சரிவும்தான் செலவு. 1765 ஜனவரி 12-ஆம் தேதி ழாக் போர்த்தஃபே என்ற சிறுவனும் கூட்டாளிகளும் கம்பு நுனியில் கத்தி கட்டிய ஈட்டிகளோடு அந்த மிருகத்தை எதிர்த்து நின்று விரட்டினார்கள். மன்னரே பரிசு அனுப்பினார். மேய்க்கப் போகும் குழந்தையின் கையில் கத்தி கட்டிய கம்பு இருக்கிறது என்பதை முதல் காட்சியிலேயே காட்டுங்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

4. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதை முழுசாகக் காட்டுங்கள்.

என் அறிவுரைகளில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கிமுக்கித் துப்பாக்கியைச் சுடத் தயார் செய்வது இப்படி. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். கொம்பிலிருந்து கருமருந்தை அளந்து குழலின் வாய்க்குள் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைச் சிறு துணித்துண்டில் சுற்றி வாயில் வைக்க வேண்டும். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கோலை உருவி, குண்டை அடிவரை தள்ளி, இடித்துக் கெட்டிக்க வேண்டும். கோலைத் திரும்பச் செருக வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து தூவி, எஃகு மூடியைச் சாத்த வேண்டும். குதிரையை முழுக்க இழுக்க வேண்டும். அதன்பிறகுதான் குறி பார்ப்பது. நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். கை நடுங்கும் ஓர் உழவனுக்கு, மழையில், இருட்டில், ஒரு நிமிடம் ஆனாலும் ஆகும். அத்தனையும் செய்து விசையை இழுத்தால், கிண்ணி மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து உள்ளே தீ பிடிக்காமல் போகலாம். ஈரம் பட்டிருந்தால் அதுவும் எரியாது.

நம் மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி பிடித்த பெரியவர்களுக்கு இந்தப் பதற்றம் தெரியும். உங்கள் நடிகருக்கும் தெரிய வேண்டும். டம்மித் துப்பாக்கியைப் படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்பே அவர் கையில் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசை மாறாமல் செய்யும்வரை பழகட்டும். பிறகு படத்தின் முக்கியமான இடத்தில், முதல் குண்டு தவறியதும், இந்த மொத்த வேலையையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுங்கள். ஓநாய் ஃப்ரேமில் வரவே வேண்டாம். கோல் ஒருமுறை கைநழுவிக் கீழே விழட்டும். தியேட்டரில் அந்த அரை நிமிடத்தை எந்த கிராஃபிக்ஸாலும் வாங்க முடியாது.

இன்னொரு லாபம் புகை. கருமருந்து சுட்டால் வெள்ளைப் புகை திரண்டு எதிரே இருப்பதை மறைத்துவிடும். குண்டு பட்டதா இல்லையா என்று சுட்டவனுக்கே தெரியாது. புகை விலகும்போது எதிரே ஒன்றுமில்லை. ஒரு புகை மெஷினில் முடிகிற வேலை.

5. செட்டில் உண்மையான மருந்தோ தோட்டாவோ எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது.

2021 அக்டோபர் 21-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்ற படப்பிடிப்பில் ஒத்திகையின்போது ரிவால்வரில் இருந்த நிஜத் தோட்டா வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தார், இயக்குநர் காயமடைந்தார். அதுவும் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சரித்திரகாலப் படம்தான். ஆயுதப் பொறுப்பாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீப்பொறியையும் புகையையும் போஸ்ட் புரொடக்ஷனில் சேர்த்துக்கொள்ளலாம். பணம் போதவில்லை என்றால் சுடும் காட்சியைக் குறையுங்கள், பாதுகாப்பாளரைக் குறைக்காதீர்கள்.

6. இருக்கிற செட்டுக்குக் கதையை நகர்த்துங்கள்.

1961-இல் இங்கிலாந்தின் ஹேமர் கம்பெனி 'தி கர்ஸ் ஆஃப் தி வேர்வுல்ஃப்' எடுத்தது, டெரன்ஸ் ஃபிஷர் இயக்கத்தில். மூலம் கை எண்டோர் எழுதிய நாவல், அது நடப்பது பாரிஸில். படம் நடப்பதோ ஸ்பெயினில். ஏன் தெரியுமா? ஸ்பானிய மதவிசாரணை பற்றி வேறொரு படம் எடுக்கத் திட்டமிட்டு, தேம்ஸ் கரையில் இருந்த பிரே ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். சென்சார் தகராறு வரும் என்று அந்தப் படம் நின்றது. செட் நின்றுகொண்டிருந்தது. ஓநாய் மனிதனை ஸ்பெயினுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். 1942-இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' படத்தில் வரும் மாடிப்படிக்கட்டு, ஆர்சன் வெல்ஸின் 'தி மக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்காகக் கட்டியது.

இதை நான் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வேறொரு படத்துக்காக அக்கறையோடு கட்டிய செட்டில் அகலம் இருக்கும், ஆழம் இருக்கும். உங்கள் பணத்தில் புதிதாகக் கட்டினால் பிளைவுட் மூன்று பக்கம் நிற்கும், நாலாவது பக்கம் கேமரா திரும்பாது. ஸ்டுடியோக்களில் எந்தப் படத்தின் செட் எப்போது பிரிக்கப்படுகிறது என்று விசாரித்து வையுங்கள். பிரிப்பதற்கு முந்தின ரெண்டு நாள் கேட்டால் மனசுள்ள கலை இயக்குநர் யாரும் மறுக்க மாட்டார்.

செட்டே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். பென் வீட்லி 2013-இல் எடுத்த 'எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து' பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர் காலத்தில் நடக்கிறது. ஒரு வயல், ஒரு சிறு கூட்டம், கறுப்பு-வெள்ளை, 12 நாள் படப்பிடிப்பு. ஒரு கட்டடம்கூட இல்லாமல் அந்த நூற்றாண்டு உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

7. மரத்தைப் பாருங்கள்.

ஐரோப்பா என்றதும் எல்லோரும் ஊட்டிக்கு ஓடுகிறார்கள். பனி இலவசம், சரி. ஆனால் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் யூகலிப்டஸ். அது ஆஸ்திரேலிய மரம்; நீலகிரிக்கே 1840களில்தான் வந்தது. 1764-இல் பிரான்சில் நடக்கும் கதையின் பின்னணியில் அந்த வெளுத்த நெடுமரம் நின்றால், விஷயம் தெரிந்தவர் அந்த நொடியில் படத்தை விட்டு வெளியே போய்விடுவார். கொடைக்கானல் பக்கத்துப் பைன் காடு பரவாயில்லை, ஜெவோதான் மலையிலும் பைன் உண்டு. தரை மட்டத்தில் கேமராவை வையுங்கள், வேரும் சருகும் பாறையும் எந்த நாட்டுக்கும் பொருந்தும். டீத்தோட்டம் ஓர் ஓரத்தில்கூட வந்துவிடக் கூடாது.

8. விளக்கு ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று.

தேன்மெழுகு வர்த்தி தேவாலயத்திலும் மாளிகையிலும் எரிந்தது. நடுத்தரக் குடும்பம் மாட்டுக்கொழுப்பு, ஆட்டுக்கொழுப்பு வர்த்தி கொளுத்தியது. அது புகையும், நாறும், திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். அதற்கும் வழியில்லாதவன் கோரைத்தண்டின் உள்சோற்றைக் கொழுப்பில் தோய்த்துக் கொளுத்தினான். ஆக, விளக்கைப் பார்த்தே வீட்டின் நிலைமை தெரிய வேண்டும். ஒரு வீட்டில் நாலு வர்த்தி எரிந்தால் அங்கே பணம் இருக்கிறது. ஒரு குடியானவன் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அங்கே யாரோ சாகக் கிடக்கிறார்கள்.

ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் 'பேரி லிண்டன்' படத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்க, நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று நீங்கள் வாடகைக்கு எடுக்கும் சாதாரண கேமராவே அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். ராபர்ட் எகர்ஸ் 2015-இல் 'தி விட்ச்' படத்தை வானத்து வெளிச்சத்தையும் வர்த்தியையும் பெரிதாக நம்பியே எடுத்தார். அது வருத்தத்தின் நிறத்தில் இருக்கும் படம். பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

காட்டின் இரவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெரிய லைட் வைக்கப் பணமில்லை என்றால் பகலில் எடுத்து இரவாகக் காட்டும் டே ஃபார் நைட் செய்யுங்கள். வானம் ஃப்ரேமில் வரக் கூடாது, சூரியன் நடிகரின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், எக்ஸ்போஷரை ரெண்டு ஸ்டாப் இறக்க வேண்டும். கையில் பந்தம் இருக்கும் காட்சியை இப்படி எடுக்காதீர்கள், தீ வெளுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு அந்தி நேரத்து இருபது நிமிடம் இருக்கிறது.

9. மிருகத்தைக் கடைசிவரை கையிருப்பில் வையுங்கள்.

'தி கர்ஸ் ஆஃப் தி வேர்வுல்ஃப்' படத்தில் ராய் ஆஷ்டன் செய்த மேக்கப் அருமையானது, ஆலிவர் ரீடுக்கு அது முதல் பெரிய வேடம். இருந்தும் ஓநாயை முழுதாகப் பார்ப்பது படம் முடியப்போகிற நேரத்தில்தான். அதற்கு முன்னால் என்ன காட்டுகிறார்கள்? ஒரு பிச்சைக்காரன் மாளிகை விருந்தில் கேவலப்படுத்தப்பட்டு நிலவறையில் பல வருடம் மறக்கப்படுவதை. பேச முடியாத ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு நேரும் கொடுமையை. ஓநாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தப் படம் கொடுக்கும் பதில் அது. 1941-இன் 'தி உல்ஃப் மேன்' படத்தில் முதல் உருமாற்றத்தின்போது தெரிவது கால்கள்தான். 1981-இல் ரிக் பேக்கர் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் வெளிச்சமான அறையில் முழு உருமாற்றத்தையும் காட்டினார், அதற்காக ஒப்பனைக்கான ஆஸ்கர் வாங்கினார். உங்களிடம் ரிக் பேக்கர் இல்லை. ஒரு கை மட்டும் செய்யுங்கள், நன்றாகச் செய்யுங்கள்.

10. நிஜ ஓநாய் வேண்டாம்.

நம் நாட்டில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். நீல் ஜோர்டன் 1984-இல் 'தி கம்பெனி ஆஃப் உல்வ்ஸ்' எடுத்தபோது பெரும்பாலும் சாயம் பூசிய நாய்களைத்தான் ஓடவிட்டார். நாயை நடிக்க வைப்பதற்கும் விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். புரொடக்ஷன் மேனேஜரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

11. ஒலிக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்காதீர்கள்.

மைக்கேல் ரீவ்ஸ் தன் 24-ஆவது வயதில் எடுத்த 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்', 1968-இல் வந்தது. 1645-இல் சூனியக்காரிகளை வேட்டையாடிய கதை. ஒரு லட்சம் பவுண்டுக்குள் எடுத்த படம், ஆனால் இங்கிலாந்தின் சஃபோக் வயல்களும் பழைய வீடுகளும் அதில் கோடீஸ்வரத்தனமாகத் தெரியும். செலவைக் குறைக்க உட்புறக் காட்சிகளை விமானக் கொட்டகைகளில் எடுத்தார்கள். தகரக் கூரை எதிரொலித்ததால் நிறைய வசனத்தைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. லொகேஷன் பார்க்கப் போகும்போது கையைத் தட்டிப் பாருங்கள். இயக்குநரும் கேமராமேனும் மட்டும் போய்ப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்தை விடுங்கள், ஒலிப்பதிவாளரையும் கூட்டிப்போங்கள்.

அந்தக் காலத்து இரவுக்கு மோட்டார் இரைச்சல் இல்லை, விமானம் இல்லை. நம் ஊர்க் காட்டில் பதிவு செய்த தவளையும் சில்வண்டும் அப்படியே போனால் பிரான்சு காணாமல் போய்விடும். அதையெல்லாம் எடுத்துவிட்டு மாட்டு மணியை வையுங்கள். தூரத்தில் ஏழெட்டு மணிகள் மாறி மாறிக் கேட்கட்டும். பார்வையாளர் அதற்குப் பழகிய பிறகு ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ஊளை எதற்கு?

12. துணி நனைய வேண்டும், அழுக்காக வேண்டும்.

கம்பளி, லினன், சணல். ஒரு குடியானவனுக்கு ஒரு உடை, படம் முழுவதும் அதேதான். நடிகர் அதை ஒத்திகை நாட்களிலேயே போட்டுப் பழகட்டும், முழங்கையும் முழங்காலும் தானாகத் தேயும். பாவாடையின் கீழ்விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு இல்லாத கிராமத்துப் பெண்ணை நான் நம்ப மாட்டேன். ரத்தம் படும் உடைக்கு மட்டும் ரெண்டு ஜோடி தையுங்கள்.

13. முழு நிலவையும் வெள்ளிக் குண்டையும் யோசித்து எடுங்கள்.

ஓநாய் மனிதன் என்றதும் நமக்குத் தோன்றும் இந்த ரெண்டையும் ஊன்றி வளர்த்தது பெரும்பாலும் சினிமாதான். ஷஸ்தெல் வெள்ளிக் குண்டால் சுட்டார் என்ற கதையும் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளி வேண்டுமென்றால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். ஹேமர் படத்தில் ஒரு வெள்ளிச் சிலுவையை உருக்கித்தான் குண்டு வார்க்கிறார்கள். ஓர் ஏழை வீட்டில் வெள்ளி என்று இருப்பது ஒன்றே ஒன்று, அதை உருக்குகிறார்கள் என்றால் அந்தக் காட்சிக்கு வசனமே தேவையில்லை.

14. யாரை ஓநாய் என்று சொன்னார்கள் என்று படியுங்கள்.

வேட்டைக் கதை எழுதுகிறவர்கள் தவறாமல் இந்த வாசலுக்கு வந்தாக வேண்டும். 1589-இல் ஜெர்மனியின் பெட்பர்க் ஊரில் பீட்டர் ஸ்டும்ப் என்ற உழவனைச் சித்திரவதைக்கு ஆளாக்கி, தான் ஓநாயாக மாறியதாகச் சொல்ல வைத்தார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி கொன்றார்கள். மகளையும் விடவில்லை. 1603-இல் பிரான்சின் போர்தோ நீதிமன்றத்துக்கு ழான் கிரெனியே என்ற பையன் வந்தான். தான் ஓநாய்த்தோல் போர்த்திப் பிள்ளைகளைத் தின்றதாக அவனே சொன்னான். நீதிபதிகள் அவன் புத்தி சரியில்லாத சிறுவன் என்று கண்டு, மரண தண்டனை கொடுக்காமல் மடத்தில் அடைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது என்பதே எனக்கு இன்றும் மனதை உலுக்கும் விஷயம்.

1692-இல் பால்டிக் கரையில் லிவோனியா நாட்டில் தீஸ் என்ற கிழவர், எண்பது வயது கடந்தவர், நீதிமன்றத்தில் நின்று 'ஆமாம், நான் ஓநாய் மனிதன்தான்' என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் சொன்ன விளக்கம் வேறு. நாங்கள் கடவுளின் நாய்கள், சூனியக்காரர்கள் நரகத்துக்குத் திருடிக்கொண்டுபோன தானியத்தை வருடத்துக்கு மூன்று முறை போய் மீட்டு வருகிறோம், நாங்கள் போகாவிட்டால் உங்கள் வயலில் விளைச்சல் இருக்காது என்றார். பாதிரியார் எவ்வளவோ சொல்லியும் மனம் மாறவில்லை. கசையடி கொடுத்து ஊரை விட்டுத் துரத்தினார்கள்.

உங்கள் ஸ்கிரிப்டில் வேட்டைக்காரர்கள் ஒரு குடிசையின் கதவைத் தட்டும் காட்சி இருக்கும், எல்லா ஸ்கிரிப்டிலும் இருக்கிறது. உள்ளே இருப்பவர் இந்தக் கிழவராக இருந்தால் என்ன பேசுவார் என்று யோசித்து அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள். அதற்கு நல்ல நடிகர் ஒருவர் வேண்டும். ஓநாய் உடைக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை அவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள்.

15. வசனத்தில் கடிகாரம் வேண்டாம்.

அவர்கள் நிமிடத்தில் பேசவில்லை. கோயில் மணி, பால் கறக்கும் நேரம், நிழலின் நீளம், இவைதான் அளவு. 'டென்ஷன்', 'செக்' போன்றவை டப்பிங்கில் நழுவி வந்துவிடும், ஒருவரைக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வையுங்கள்.

16. கொன்ற பிறகும் கேமராவை நிறுத்தாதீர்கள்.

ஷஸ்தெல் சுட்ட மிருகத்தை மன்னருக்குக் காட்ட வெர்சாய்க்குக் கொண்டுபோனார்கள். கோடை வெயில், நீண்ட வழி. போய்ச் சேரும்போது அழுகி நாறிவிட்டது. அந்துவானுக்குக் கிடைத்த கொண்டாட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருடம் பிள்ளைகளைப் புதைத்த ஊர் மறுநாள் காலையில் மேய்ச்சலுக்கு யாரை அனுப்பும்? முதலில் எந்த அம்மா கதவைத் திறப்பாள்? வேட்டைப் படங்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்துவிடுவதால் இதை எழுத உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆனால் ஷெட்யூலில் இந்தக் காட்சிகள் எப்போதும் கடைசி நாளுக்குத் தள்ளப்பட்டு, வெளிச்சம் போய்விட்டது என்று வெட்டப்படும். படப்பிடிப்பின் முதல் வாரத்திலேயே, யூனிட் களைப்படைவதற்கு முன்பு, இதை எடுத்து முடித்துவிடுங்கள்.